உள்ளறைப் பயிர் வளர்ப்புக்கு மின்சாரம் மிச்சப்படுத்தும் ஈரப்பத நீக்கியைத் தேர்ந்தெடுப்பது எப்படி? கன்னியாகுமரி மாவட்டத்தில் புதிதாகத் தொடங்குவோருக்கான செய்முறை விளக்கம்

தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் கன்னியாகுமரி மாவட்டத்தில், ஜூன் தொடங்கி டிசம்பர் வரை காற்றில் ஈரம் குறையும் நாள்கள் குறைவு. வீட்டில் ஓர் அறையை ஒதுக்கி, அடுக்குகள் அமைத்து, எல்இடி விளக்குகளின் கீழ் நுண்கீரை (மைக்ரோகிரீன்ஸ்) வளர்க்கத் தொடங்குபவர்களுக்கு இதுவே முதல் தடையாகிறது. முளை நன்றாக வந்த தட்டில், சில நாள்களிலேயே தண்டின் அடி அழுகிச் செடிகள் கொத்தாகச் சாய்ந்துவிடும். உடனே கடையிலோ இணையத்திலோ ஓர் ஈரப்பத நீக்கியை, அதாவது டிஹியூமிடிஃபையரை, விலையையும் வாட் எண்ணையும் மட்டும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது வேறு: உங்கள் அறையிலிருந்து ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் நீரை எடுக்க வேண்டும், ஒரு யூனிட் மின்சாரத்தில் அந்த இயந்திரம் எத்தனை லிட்டரை எடுக்கும் என்ற இரண்டு கேள்விகளே தேர்வைத் தீர்மானிக்கின்றன.

முதல் படி: சரியாக அளந்து பாருங்கள்

ஈரப்பதமானி இல்லாமல் எதையும் வாங்க வேண்டாம். மலிவான டிஜிட்டல் ஈரப்பதமானிகள் ஐந்து சதவீதம் வரை பிழை காட்டக்கூடும் என்பதால், அதை வீட்டிலேயே சோதித்துக்கொள்ளலாம். ஒரு பாட்டில் மூடியில் தூள் உப்பை நிரப்பி, கூழாகும் அளவுக்குச் சில துளிகள் நீர் விட்டு, அதனுடன் ஈரப்பதமானியையும் காற்றுப் புகாத பையில் வைத்து ஓர் இரவு மூடி வையுங்கள். 25 டிகிரி செல்சியஸ் அளவில் அந்தப் பைக்குள் ஒப்பு ஈரப்பதம், அதாவது அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் இருப்பது எத்தனை சதவீதம் என்ற அளவு, 75 சதவீதத்தில் நிலைபெறும். கருவி 79 காட்டினால், இனி அது காட்டும் எண்ணில் நான்கைக் கழித்துக்கொள்ள வேண்டும். புத்தளம், சாமித்தோப்புப் பக்கத்து உப்பளங்களிலிருந்து வரும் கல்லுப்பை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அதில் மெக்னீசிய உப்புகள் கலந்திருப்பதால் அளவு மாறிவிடும். மழைக்காலத்தில் உப்புச் சாடியில் நீர் விடுவதற்கும் அதுவே காரணம்.

சோதித்த கருவியைச் செடிகளின் உயரத்தில் வைத்து, விளக்கு எரியும்போதும் அணைந்த பின்னரும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு எண்களும் ஒன்றாக இருக்காது. 28 டிகிரியில் 65 சதவீதமாக இருக்கும் காற்று, வேறு எந்த ஈரமும் சேராமலே, 24 டிகிரிக்குக் குளிர்ந்தால் 81 சதவீதத்தைத் தொட்டுவிடும். ஆகவே பெரும்பாலான அறைகளில் நோய் தொடங்குவது விளக்கு அணைந்த பிறகுதான். முளைவிட்டு வெளிச்சத்துக்கு வந்த நுண்கீரைக்கு 50 முதல் 60 சதவீதம் வரை பொருத்தமானது. விதை முளைக்கும் நாள்களில் தட்டுகளை மூடியே வைப்பதால் அறையின் ஈரப்பதம் அவற்றை அதிகம் பாதிக்காது.

இரண்டாம் படி: அறையின் இடுக்குகளை அடைத்துவிடுங்கள்

பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் கொண்ட ஓர் அறையில் ஏறத்தாழ 28 கனமீட்டர் காற்று இருக்கும். வெளியே 28 டிகிரியும் 85 சதவீத ஈரப்பதமும் இருக்கும் மழைநாளில் ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் 23 கிராம் நீராவி இருக்கிறது. உங்கள் அறையை 25 டிகிரியில் 60 சதவீதமாக வைத்திருக்க விரும்பினால் அங்கே இருக்க வேண்டியது 14 கிராம்தான். அறைக் காற்று ஒருமுறை முழுமையாக மாறினாலே, கூடுதலாகக் கால் லிட்டர் நீர் உள்ளே வந்துவிடும். மணிக்கு ஒருமுறை மாறினால் நாளொன்றுக்கு ஆறு லிட்டர். ஓட்டு வீடுகளில் இதைவிடக் கூடுதலாகவும் வரக்கூடும். ஓட்டு இடுக்குகளின் வழியே காற்று தாராளமாகப் புகுவதால், அத்தகைய அறையில் கூரைக்குக் கீழே உள்கூரை அமைக்காமல் இயந்திரத்தை ஓட்டுவதில் பயனில்லை. அது கல்குளம் வட்டாரத்து வெளிக்காற்றையே உலர்த்திக்கொண்டிருக்கும். கதவின் அடியில் ரப்பர் பட்டை, ஜன்னல் இடுக்குகளுக்குச் சிலிகான், வென்டிலேட்டருக்கு மூடி ஆகியவற்றுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு, பலனோ நாள்தோறும் கிடைக்கும்.

ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய தோவாளைப் பகுதிக்கு மட்டும் நான் வேறு யோசனை சொல்வேன். காற்றாலைகளைச் சுழற்றும் அந்தப் பலத்த காற்று, விளவங்கோடு, திருவட்டாறு பகுதிகளின் காற்றைவிட உலர்ந்திருக்கும் நாள்களில், ஒரு வெளியேற்று விசிறியே வேலையைச் செய்துவிடக்கூடும். வெளியேயும் ஓர் ஈரப்பதமானி வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மூன்றாம் படி: லிட்டர் கணக்கு

செடி உறிஞ்சும் நீரில் மிகப் பெரும்பகுதி இலைகளின் வழியே நீராவியாக வெளியேறிவிடுகிறது. எனவே ஒரு நாளைக்கு நீங்கள் ஊற்றும் நீரிலிருந்து வடிந்து வெளியேறும் நீரைக் கழித்தால், காற்றில் சேரும் ஈரத்தின் அளவு கிட்டத்தட்டக் கிடைத்துவிடும். எடுத்துக்காட்டாக, ஐந்து லிட்டர் இப்படிச் சேர்கிறது என்று கொள்வோம். அறையை நன்றாக அடைத்ததால் வெளிக்காற்றின் வழியே வரும் ஈரம் மூன்று லிட்டராகக் குறைந்திருந்தால், மொத்தம் எட்டு. மழை வலுக்கும் வாரங்களுக்காகக் கால் பங்கு சேர்த்து, பத்து லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே கவனமாக இருக்க வேண்டும். பெட்டியில் "நாளொன்றுக்கு 20 லிட்டர்" என்று எழுதியிருந்தால், அது பெரும்பாலும் 30 டிகிரியிலும் 80 சதவீத ஈரப்பதத்திலும் அளந்த எண். நீங்கள் வைத்திருக்க விரும்பும் 25 முதல் 27 டிகிரியிலும் 60 சதவீதத்திலும் அதே இயந்திரம் ஏறத்தாழ பாதியைத்தான் எடுக்கும். ஆகவே பத்து லிட்டர் தேவைப்படுபவர், 20 லிட்டர் என்று அச்சிட்ட இயந்திரத்தை வாங்குவதே சரி.

நான்காம் படி: வகையும் திறனும்

மூன்று வகைகள் சந்தையில் உள்ளன. மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும் சிறு தகட்டைக் கொண்ட பெல்டியர் வகைச் சிறு கருவிகள் ஒரு நாளைக்குச் சில நூறு மில்லிலிட்டர்தான் எடுக்கும். ஒரு யூனிட்டுக்கு அரை லிட்டர் கிடைப்பதே பெரிது. அலமாரிக்கு அவை போதும், பயிர் அறைக்கு உதவா. உலர்பொருள் சக்கரம் கொண்டவை குளிர்நாடுகளில் சிறப்பாகச் செயல்படும். ஆனால் அவற்றுக்குள் உள்ள ஹீட்டர் மின்சாரத்தையும் அறையின் வெப்பத்தையும் கூட்டுவதால் நமது தட்பவெப்பத்துக்கு ஏற்றவை அல்ல. குளிர்சாதனப் பெட்டியைப் போலக் குளிர்ந்த குழாய்ச் சுருளில் காற்றின் ஈரத்தை நீராக்கும் கம்ப்ரசர் வகையே உங்களுக்கு உரியது.

கம்ப்ரசர் வகைக்குள் எதை வாங்குவது? ஒரு நாள் எடுக்கும் லிட்டரை, ஒரு நாள் செலவழிக்கும் யூனிட்டால் வகுத்துப் பாருங்கள். 300 வாட்டில் 20 லிட்டர் எடுப்பதாகச் சொல்லும் இயந்திரம் 24 மணி நேரத்தில் 7.2 யூனிட் செலவழிக்கும். ஆக யூனிட்டுக்கு 2.8 லிட்டர். இதுவும் அந்த 80 சதவீத நிலையின் கணக்குதான் என்பதால், ஒப்பிடும் இரண்டு இயந்திரங்களின் எண்களும் ஒரே நிலையில் அளக்கப்பட்டவையா என்று விற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 2019 முதல் எளிதில் நகர்த்தக்கூடிய ஈரப்பத நீக்கிகளை 18.3 டிகிரியிலும் 60 சதவீதத்திலும் சோதிக்கிறார்கள். அந்த நாட்டு அட்டையில் எண் சிறியதாகத் தெரிந்தால், இயந்திரம் மோசம் என்று பொருளல்ல.

இந்த எண் ஏன் முக்கியம் என்பதை மின்கட்டணத்தில் பார்க்கலாம். நாளொன்றுக்கு எட்டு லிட்டர் எடுக்க, யூனிட்டுக்கு 1.8 லிட்டர் தரும் இயந்திரத்துக்கு 4.4 யூனிட் போதும்; யூனிட்டுக்கு ஒரு லிட்டர் மட்டுமே தருவதற்கு எட்டு யூனிட் வேண்டும். இரண்டு மாதக் கணக்கெடுப்பில் இந்த வேறுபாடு 200 யூனிட்டைத் தாண்டுகிறது. வீட்டு இணைப்பில் பயன்பாடு கூடக்கூட யூனிட் விலையும் ஏறுவதால், இந்த 200 யூனிட்டும் உங்கள் கட்டணத்தின் விலையுயர்ந்த படியில்தான் சேரும். விற்பனைக்காக வளர்ப்பவர்கள் எந்த வகை இணைப்பு தங்களுக்குப் பொருந்தும் என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

செலவழித்த மின்சாரம் முழுவதும் வெப்பமாக அறைக்குள்ளேயே தங்கும் என்பதையும், நீராவி நீராகும்போது லிட்டருக்கு ஏறத்தாழ 0.68 யூனிட் அளவு வெப்பம் வெளிப்படும் என்பதையும் மறக்க வேண்டாம். ஏசி இருக்கும் அறையில் அந்த வெப்பத்தை வெளியேற்ற மீண்டும் மின்சாரம் செலவாகும்.

ஐந்தாம் படி: கடையில் கேட்க வேண்டியவை

தொட்டி நிரம்பினால் இயந்திரம் தானாக நின்றுவிடும். அது பெரும்பாலும் நீங்கள் உறங்கும் நேரத்தில் நடக்கும். எனவே குழாய் பொருத்தி நீரைத் தொடர்ந்து வடியவிடும் வசதி கட்டாயம் வேண்டும். குறித்த ஈரப்பதத்தை எட்டியதும் கம்ப்ரசருடன் விசிறியும் நிற்கிறதா என்று கேளுங்கள். விசிறி ஓடிக்கொண்டே இருந்தால், சுருளில் ஒட்டியிருக்கும் நீர் மீண்டும் காற்றில் கலந்து, அதை எடுக்கச் செலவழித்த மின்சாரம் வீணாகும். மின்சாரம் போய்வந்தால் பழைய அமைப்பிலேயே தானாகத் தொடங்குவதும் அவசியம். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று அலுமினியத் தகடுகளை அரிக்கும் என்பதால், பூச்சு பூசிய சுருள் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். மின்னழுத்தம் அடிக்கடி குறையும் ஊர்களில் ஸ்டெபிலைசரும் வேண்டும்.

ஆறாம் படி: வைத்தலும் ஓட்டுதலும்

இயந்திரத்தைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி, உலர்ந்த காற்று நேராகச் செடிகளின் மேல் படாதவாறு வையுங்கள். சிறிய விசிறி ஒன்று அடுக்குகளுக்கிடையே காற்றை நகர்த்தட்டும். அது இல்லாவிட்டால் ஈரப்பதமானி 60 காட்டும்போதும் இலைகளுக்கு நடுவே 80 இருக்கக்கூடும். 45 சதவீதத்துக்கு அமைப்பதில் பயனில்லை. 58 அல்லது 60 போதும், அதற்குக் கீழே இறக்கும் ஒவ்வொரு சதவீதத்துக்கும் கூடுதல் மின்சாரம் செலவாகும். விளக்கு எரியத் தொடங்கியதும் தட்டின் அடியிலிருந்து நீர் ஊட்டுங்கள், மாலையில் மேலிருந்து தெளிக்காதீர்கள், நீர்த்தொட்டியை மூடி வையுங்கள். விளக்குகளை இரவில் எரியவிட்டுப் பகலில் அணைத்துப் பார்ப்பதையும் பரிந்துரைக்கிறேன். பகலின் இயல்பான வெப்பமே அறையைக் குளிராமல் காப்பதால், விளக்கு அணைந்ததும் ஈரப்பதம் தாவி ஏறுவது தணியும்.

சேரும் நீர் குடிநீர் அல்ல. கீரைக்கும் அதை ஊற்ற வேண்டாம், தரை கழுவப் பயன்படுத்தலாம். வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவி உலர்த்திப் பொருத்துங்கள். வாங்கிய முதல் வாரத்தில் பிளக்கில் பொருத்தும் மின்மானி ஒன்றை இணைத்து, வடிந்த நீரை ஒரு வாளியில் பிடித்து அளந்து, யூனிட்டுக்கு எத்தனை லிட்டர் என்று கணக்கிட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். இதே காலநிலையில் பின்னர் அந்த எண் கணிசமாகக் குறைந்தால், முதலில் வடிகட்டியையும், அடுத்துக் கதவின் அடியில் உள்ள ரப்பர் பட்டையையும் பாருங்கள்; இரண்டும் சரியாக இருந்தால் மட்டும் பழுதுபார்ப்பவரை அழையுங்கள்.