பங்குக் கோவிலின் பழம்பொருள்களையும் கட்டட அமைப்பையும் பதிவு செய்வது எப்படி: தொடக்கநிலையினருக்கான செய்முறை

பழைய கத்தோலிக்கப் பங்குக் கோவில் ஒன்றில் உள்ள பீடங்கள், சுரூபங்கள் (புனிதர் சிலைகள்), பாத்திரங்கள், மணிகள், சன்னல்கள் ஆகியவற்றை முறையாகப் பதிவு செய்யத் தொல்லியல் பட்டம் தேவையில்லை. பொறுமையும் ஒரு கூட்டாளியும் போதும். கீழே உள்ள வரிசை நான் செய்து பார்த்து நிலைப்படுத்திக்கொண்டது. பொருள்களை விவரித்து எழுதும் வேலையைத்தான் எல்லோரும் முதலில் தொடங்க விரும்புகிறார்கள் என்றாலும், அதைக் கடைசியில் வைப்பதே என் கருத்தில் சரியானது.

1. அனுமதி

பங்குத்தந்தையிடம் எழுத்து வடிவில் அனுமதி பெறுங்கள். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1283-ஆம் எண், விலைமதிப்புள்ள அல்லது பண்பாட்டு மதிப்புள்ள அசையும் பொருள்களுக்கும் விவரத்தோடு கூடிய துல்லியமான பட்டியல் இருக்க வேண்டும் என்றும், அதன் ஒரு படி பங்கிலும் மற்றொரு படி மறைமாவட்டத் தலைமைச் செயலகத்திலும் இருக்க வேண்டும் என்றும், மாற்றம் ஏற்படும்போது இரண்டிலும் அதைக் குறிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆகவே நீங்கள் கேட்பது சலுகையன்று. ஏற்கெனவே இருக்க வேண்டிய ஆவணத்தைத் தயாரிக்க முன்வருகிறீர்கள். பழைய பட்டியல் ஏதேனும் இருந்தால் அதையும் அப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

2. திசை

பதிவுகளில் பெரும்பாலானவை பயனற்றுப் போவது இந்த இடத்தில்தான் என்பதால், இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

கோவிலின் பலிபீடம் கிழக்கில் இருக்கும் என்பது மரபே தவிர, எல்லா இடங்களிலும் பின்பற்றப்பட்ட விதியன்று. உரோமையின் தூய பேதுரு பேராலயத்தில் முகப்பு கிழக்கை நோக்கியும் தலைமைப் பீடம் மேற்குப் பகுதியிலும் அமைந்திருக்கின்றன. நகரத் தெருவின் போக்குக்கு ஏற்பக் கட்டப்பட்ட கோவில்களில் பீடம் எத்திசையிலும் இருக்கலாம். இந்நிலையில் ஒருவர் ‘வடக்குச் சுவர்’ என்று எழுதினால், அது திசைகாட்டி காட்டும் வடக்கா, பீடத்தைக் கிழக்காகக் கொண்ட வழிபாட்டு வடக்கா என்பது அடுத்தவருக்குப் புரியாது. இடம், வலம் என்று எழுதுவது இன்னும் மோசம். மக்கள் பீடத்தை நோக்கி நிற்கும்போது இடப்பக்கமாக இருப்பது, பீடத்தின் மேலுள்ள பாடுபட்ட சுரூபத்துக்கு (சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவத்துக்கு) வலப்பக்கம். பழைய ஆவணங்கள் பல இந்த இரண்டாம் வழக்கத்தைப் பின்பற்றி எழுதப்பட்டிருக்கின்றன.

நான் பரிந்துரைக்கும் வழி இது. பீடம் உள்ள முனையை வழிபாட்டுக் கிழக்கு என்று முதல் பக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள். பிறகு எல்லாக் குறிப்புகளையும் அந்தத் திசைகளிலேயே எழுதுங்கள்; தரைப்படத்தில் மட்டும் உண்மையான வடக்கை ஓர் அம்புக்குறியால் காட்டுங்கள். பழைய ஆவணங்களில் சுவிசேஷப் பக்கம், நிருபப் பக்கம் என்று வந்தால், முன்னது பீடத்தை நோக்கி நிற்பவரின் இடப்பக்கம், அதாவது வழிபாட்டு வடக்கு. பின்னது வழிபாட்டுத் தெற்கு. சுரூபங்களை விவரிக்கும்போது மட்டும் ‘வலக்கை’ என்பது சுரூபத்தின் சொந்த வலக்கையே என்பதையும் அதே பக்கத்தில் எழுதிவையுங்கள்.

3. அளவும் தரைப்படமும்

லேசர் அளவுக்கருவி நல்லது. ஆனால் மெருகேற்றிய கல்லிலும் கண்ணாடியிலும் அது தடுமாறும் என்பதால் ஓர் அளவு நாடாவும் கையில் இருக்கட்டும். தூணுக்குத் தூண் தனித்தனியாக அளந்து கூட்டாதீர்கள். ஒவ்வோர் அளவிலும் நேரும் சிறு பிழைகள் சேர்ந்து, சுவரின் மறுமுனையில் மொத்த நீளம் பொருந்தாமல் போகும். நாடாவைச் சுவரோரம் முழுவதுமாக விரித்து, தொடக்கப் புள்ளியிலிருந்தே ஒவ்வொரு தூணின் தொடக்கத்தையும் முடிவையும் படித்துக் குறியுங்கள். கூடத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தால் மூலைகள் செங்கோணமா என்பது தெரிந்துவிடும். பழைய கட்டடங்களில் பெரும்பாலும் அவ்வாறு இராது. 1:100 அளவில் வரைந்தால் 30 மீட்டர் கூடம் தாளில் 30 செ.மீ. ஆகும், ஏ3 தாள் ஒன்று போதும்.

வண்ணக் கண்ணாடிச் சன்னல்களுக்குச் சொந்தமாக எண் முறை கண்டுபிடிக்க வேண்டாம். இடைக்கால வண்ணக் கண்ணாடிகளைப் பதிவு செய்யும் கார்ப்பஸ் விட்ரியாரம் என்னும் பன்னாட்டுத் திட்டத்தின் முறையில், கிழக்கு அச்சிலுள்ள சன்னல் முதலாவது. அங்கிருந்து வடக்கும் தெற்குமாகப் பிரிந்து எண்கள் வளரும். ஒவ்வொரு சன்னலிலும் பலகங்கள் கீழிருந்து மேலாகவும் இடமிருந்து வலமாகவும் எண்ணப்படும்.

4. பொருள்களைத் தேடுதல்

கண்ணுக்கு நேரே தெரிபவற்றை எவரும் பதிவு செய்துவிடுவார்கள். விடுபடுபவை வேறு. பீடத்தின் விரிப்புகளை அனுமதியோடு அகற்றினால், மேற்பலகையில் ஐந்து சிலுவைகள் செதுக்கிய பீடக்கல் இருக்கக்கூடும். அதனுள் மறைசாட்சியரின் திருப்பண்டம் (எலும்பு போன்ற புனித எச்சம்) இருக்கலாம். முத்திரையிட்ட திருப்பண்டப் பேழைகளைத் திறக்கக் கூடாது. மெழுகு முத்திரையைப் படமெடுத்து, சான்றிதழ் இருந்தால் அதையும் பதிவு செய்யுங்கள். அபிஷேகம் செய்யப்பட்ட கோவில்களின் உட்சுவர்களில் பொதுவாகப் பன்னிரண்டு அபிஷேகச் சிலுவைகள் இருக்கும். வெள்ளையடிப்பில் சில மறைந்திருக்கலாம். சிலுவைப்பாதை நிலைகளில் பலரும் ஓவியத்தை மட்டுமே பார்க்கிறார்கள். திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமெண்ட் 1731-இல் நிலைகளின் எண்ணிக்கையைப் பதினான்காக உறுதிப்படுத்தினார்; மரபுப்படி ஒன்றைச் சிலுவைப்பாதை நிலை ஆக்குவது ஓவியமன்று, படச்சட்டத்தின் மேலுள்ள சிறு மரச்சிலுவையே. அதையும் தனியே பதிவு செய்யுங்கள்.

பீட முற்றத்தின் முன் கிராதி (தடுப்பு வேலி) இருந்த தடம், மூடப்பட்ட கதவு, தரையோட்டில் திடீரென மாறும் வடிவம் ஆகியவையும் பதிவுக்குரியவையே. 1964-இல் வெளியான வழிபாட்டு அறிவுரை, தலைமைப் பீடம் சுவரிலிருந்து தனித்து நிற்பது விரும்பத்தக்கது என்று சொன்னதைத் தொடர்ந்து உலகெங்கும் பீட முற்றங்கள் மாற்றியமைக்கப்பட்டன. எனவே இந்தத் தடங்களை அக்காலப் புகைப்படங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

5. படமும் எழுத்தும்

தேய்ந்த கல்வெட்டில் சுண்ணக்கட்டி பூசுவதையும் தண்ணீர் தெளிப்பதையும் முற்றாகத் தவிர்க்க வேண்டும். விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரு கைவிளக்கைக் கல்லின் பரப்பையொட்டிச் சாய்வாகப் பிடித்தால் எழுத்துகள் நிழலால் எழும்பி வரும். விளக்கை நான்கு பக்கமும் நகர்த்தி நான்கு படங்கள் எடுங்கள். கேமராவின் ஃப்ளாஷ் இதற்கு உதவாது. எழுத்தைப் பார்த்தபடியே, பிழைகளோடு, வரி பிரியும் இடத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். மணியில் உள்ள ஆண்டு அது மறுவார்ப்புச் செய்யப்பட்ட ஆண்டாகவும், பாத்திரத்தில் உள்ள ஆண்டு அது நன்கொடையாக வழங்கப்பட்ட ஆண்டாகவும் இருக்கலாம். ஆகவே ‘1890-இல் செய்யப்பட்டது’ என்று எழுதாமல், ‘1890 என்னும் ஆண்டு பொறிக்கப்பட்டுள்ளது’ என்று எழுதுவதே நேர்மை.

அதே கட்டுப்பாடு உலோகத்துக்கும் மரத்துக்கும் பொருந்தும். கோவிலார் தங்கம் என்று சொன்னாலும், முத்திரையோ சோதனையோ இல்லாதவரை ‘பொன்னிற உலோகம், தங்கம் என்று கூறப்படுகிறது’ என்பதற்கு மேல் எழுதாதீர்கள். திருக்கிண்ணத்தின் அடிப்பாகத்தைத் தவறாமல் பாருங்கள்; செய்தவரின் முத்திரை அங்கோ விளிம்பிலோ இருக்கக்கூடும். படத்துக்காக அதைத் துலக்க வேண்டாம், முலாம் போய்விடும்.

ஒவ்வொரு பொருளுக்கும் வகை, மூலப்பொருள், அளவு, பொறிப்பு, அடையாளத் தழும்பு, சித்திரிக்கும் காட்சி, காலம், செய்தவர் ஆகியவற்றைப் பதிவதற்கு 1997-இல் அறிமுகமான ஆப்ஜெக்ட் ஐடி என்னும் பன்னாட்டுத் தரம் போதுமானது. திருட்டுப் போன பொருளை அடையாளம் காண்பதற்கென்றே அது உருவானது என்பதால், கீறல், ஒட்டுப்போட்ட விரல் போன்ற குறைகளைத்தான் மிகக் கவனமாக எழுத வேண்டும். இதற்கெனத் தனிச் செயலிகள் இருக்கின்றன. ஆனால் சாதாரண விரிதாளே எனக்குப் பிடித்தமானது, ஏனெனில் இருபது ஆண்டுகள் கழித்தும் அது திறக்கும். கோவிலுக்குள் பேனா வேண்டாம். பூசை உடைகளுக்கு அருகில் பென்சில் மட்டுமே.

6. சேமிப்பு

அச்சிட்ட படிகள் இரண்டு, மின்படிகள் இரண்டு, வெவ்வேறு இடங்களில் இருக்க வேண்டும். கட்டட வரலாற்றை இணையத்தில் இடுங்கள். வெள்ளிப் பாத்திரங்களின் படத்தையும் அவை இருக்கும் அறையையும் ஒருபோதும் இடாதீர்கள்.

பிற்சேர்க்கை

எண் தருவது பற்றி வாசகர்கள் சிலர் ஒரே சிக்கலை எழுதியிருந்தார்கள். ‘தெற்கு-3’ என்பதுபோல் இடத்தையே எண்ணாக்கியிருந்தார்கள். திருவிழாவுக்குச் சுரூபம் இடம் மாறியதும் பட்டியல் குலைந்துவிட்டது. பொருளின் எண் வெறும் வரிசை எண்ணாக இருக்கட்டும்; இடத்தை விரிதாளில் தனி நிரலில், பார்த்த தேதியோடு எழுதுங்கள். எண்ணைப் பொருளோடு இணைக்க ஒட்டுத்தாளைப் பயன்படுத்தலாமா என்று கேட்டவர்களுக்கு: வேண்டாம், பசை நாளடைவில் கறையாகும். அருங்காட்சியகங்கள் பாராலாய்ட் பி-72 என்னும் பிசினை அசிட்டோனில் கரைத்துப் பூசி அதன்மேல் எண் எழுதுகின்றன. ஆனால் அசிட்டோன் வண்ணப்பூச்சையும் வார்னிஷையும் கரைத்துவிடும் என்பதால் வண்ணம் தீட்டிய சுரூபத்தில் அது ஆகாது. பருத்தி நாடாவில் பென்சிலால் எழுதித் தளர்வாகக் கட்டிவிடுங்கள். கட்ட இடமில்லாத பொருளுக்கு எண் படத்திலும் பட்டியலிலும் இருந்தால் போதும்.