பௌத்தத்தின் பெயரால் ஓர் அரசியல் வாதம் வந்தால் அதை உரசிப் பார்க்கும் முறை

“பௌத்தம் இதைத்தான் சொல்கிறது” என்று ஓர் அமைச்சரோ, தேரரோ, முகநூல் பதிவோ சொல்லும்போது கொழும்பில் வாழும் தமிழ் பேசுவோர் பலரும் ஒன்றில் ஒதுங்கிவிடுகிறோம், இல்லாவிட்டால் கோபத்தில் நாலு வரி எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். இரண்டுமே நமக்கு நட்டம். இந்த நாட்டில் சட்டமூலங்கள் முதல் போயா (பௌர்ணமி) தினத்தில் எந்தக் கடை பூட்ட வேண்டும் என்பது வரை பௌத்தத்தைச் சுட்டித்தான் தீர்மானிக்கப்படுகிறது. அந்த வாதத்தைப் பௌத்தத்தின் சொந்த நூல்களை வைத்தே சரிபார்க்க எந்த மதத்தவருக்கும் முடியும். அதற்குப் பாளி படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு தாள், ஒரு பேனை, கொஞ்சம் பொறுமை போதும்.

எங்கிருந்து வந்த வாதம் இது?

தாளை மூன்று நிரலாகக் கோடிடுங்கள். முதல் நிரலுக்குத் திரிபிடகம் (புத்தரின் போதனைகளைத் தொகுத்த மூல நூல்கள்), இரண்டாவதற்கு வரலாற்று நூல்கள், மூன்றாவதற்கு அரசியலமைப்பு என்று தலைப்பிடுங்கள். கேட்ட பேச்சின் ஒவ்வொரு வாக்கியத்தையும் இவற்றில் ஒன்றில் போடுங்கள். எதிலும் சேராதவை மிஞ்சும். அவை பேசியவரின் சொந்த அபிப்பிராயம். அவற்றுக்குப் பௌத்தத்தின் அதிகாரம் கிடையாது. பெரும்பாலான மேடைப் பேச்சுகளில் இந்த மிச்சம்தான் அதிகம்.

இரண்டாவது நிரலில் எச்சரிக்கை தேவை. மகாவம்சம் திரிபிடகத்தின் பகுதி அல்ல. அது புத்தருக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு, அநுராதபுரத்து மகாவிகாரை மரபில் எழுதப்பட்ட வரலாற்றுக் காவியம். எல்லாளனை வென்றபின் போரில் மாண்டவர்களை நினைத்து வருந்தும் மன்னன் துட்டகைமுனுவிடம், இறந்தவர்களில் ஒன்றரைப் பேரே மனிதக் கணக்கில் வருவர் என்று தேரர்கள் ஆறுதல் சொல்லும் பகுதி அதன் 25ஆவது அத்தியாயத்தில் இருக்கிறது. ‘எல்லோரும் தண்டனைக்கு நடுங்குகின்றனர், எல்லோரும் மரணத்துக்கு அஞ்சுகின்றனர், தன்னைப்போல் பிறரையும் எண்ணிக் கொல்லாதே, கொல்விக்காதே’ என்பது தம்மபதம் 129. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்தால் எது காவியத்தின் குரல், எது புத்தரின் போதனை என்பது விளங்கும்.

அதற்காக மகாவம்சத்தைத் தூக்கி எறிய வேண்டாம். அதே நூலின் 21ஆவது அத்தியாயம், சோழநாட்டிலிருந்து வந்த எல்லாளன் 44 ஆண்டுகள் நண்பனுக்கும் பகைவனுக்கும் ஒரே நீதி வழங்கி ஆண்டான் என்கிறது. அவன் சமாதிக்கு வழிபாடு நடத்தத் துட்டகைமுனுவே ஏற்பாடு செய்தான், அதனால் பின்வந்த அரசர்களும் அவ்விடத்தை அண்டும்போது மேளதாளத்தை நிறுத்துவார்கள் என்று 25ஆவது அத்தியாயம் சொல்கிறது. மேடையில் இந்த வரிகள் அரிதாகவே வரும். நீங்கள் கொண்டுபோங்கள்.

உறுப்புரை 9ஐ முழுதாக வாசியுங்கள்

1978 அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரையைப் பலரும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். பௌத்தத்துக்கு முதன்மையான இடம் வழங்குவது, புத்த சாசனத்தைப் பாதுகாத்து வளர்ப்பது ஆகியவை முதல் பாதி. உறுப்புரை 10, 14(1)(உ) ஆகியவை தரும் உரிமைகளை எல்லா மதங்களுக்கும் உறுதிப்படுத்திக்கொண்டுதான் அதைச் செய்ய வேண்டும் என்பது அதே வாக்கியத்தின் மறுபாதி. உறுப்புரை 10 சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரம் பற்றியது. அதற்கு எந்த மட்டுப்பாடும் விதிக்க முடியாது. 14(1)(உ) வழிபாடு, அனுட்டானம் பற்றியது. அதைத் தேசியப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக, சட்டத்தின் மூலம் மட்டுப்படுத்தலாம். இந்த வித்தியாசம் தெரியாமல் வாதாடினால் எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் உங்களை மடக்கிவிடும்.

நீதிமன்றம் எப்படி வாசித்திருக்கிறது என்பதையும் பார்த்துவைக்க வேண்டும். 2003இல் மென்சிங்கன் கத்தோலிக்க அருட்சகோதரிகளின் சபையைக் கூட்டிணைக்கும் சட்டமூலம் 9, 10ஆம் உறுப்புரைகளோடு முரண்படுகிறது என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. 2004இல் சிங்கள பௌத்தக் கட்சியான ஜாதிக ஹெல உறுமய கொண்டுவந்த மதமாற்றத் தடைச் சட்டமூலத்தின் சில வாசகங்களும் அதே நீதிமன்றத்தில் அரசியலமைப்புக்கு முரண் எனப்பட்டன. ஆக, 9ஆம் உறுப்புரை ஒரு பக்கத்துக்கு மட்டுமே வெட்டும் என்று யாரும் நம்பியிருக்க முடியாது. இதை மாற்ற நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டும், மேலே சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும் என்கிறது 83ஆம் உறுப்புரை. ஆகவே “9ஐ நீக்கு” என்ற கோரிக்கையில் சக்தியைச் செலவழிப்பதைவிட, அதன் மறுபாதியை நடைமுறைக்குக் கொண்டுவரக் கேட்பதே கைகூடும் வேலை.

நான்கு அகதிகள் (பாளியில் ‘அகதி’ என்றால் தவறான வழி)

அரசியல் முடிவைச் சோதிக்கப் பௌத்தம் தரும் மிக எளிய கருவி இதுதான். சிகாலோவாத சூத்திரத்தில் (தீக நிகாயம் 31; தீக நிகாயம் என்பது திரிபிடகத்தில் நீண்ட சூத்திரங்களின் தொகுப்பு) வருகிறது: விருப்பம், வெறுப்பு, மயக்கம், பயம் என்ற நான்கினாலும் ஒருவர் தவறான வழியில் போகிறார். முடிவு எடுத்தவர்களின் மனதுக்குள் நுழைந்து பார்க்க முடியாது. ஆனால் கேட்கக்கூடிய கேள்விகள் இருக்கின்றன. இதனால் யாருக்கு லாபம், அவர் முடிவெடுத்தவருக்கு என்ன உறவு? ஒரே தவறுக்கு ஒரு கூட்டத்தை மட்டும் ஏன் பிடிக்கிறார்கள்? என்ன ஆதாரத்தைப் பார்த்தார்கள்? எதற்கு அஞ்சினார்கள்?

2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை கொவிட்டால் இறந்தவர்களை எரித்தே ஆக வேண்டும் என்றிருந்த விதியை இப்படி ஓடவிட்டுப் பாருங்கள். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் சொன்னது. அப்படியிருந்தும் நிலத்தடி நீர் கெடும் என்ற அச்சம் முன்வைக்கப்பட்டது. முஸ்லிம் குடும்பங்கள் பத்து மாதங்கள் அதன் சுமையைத் தாங்கின. நான்கில் மயக்கம், பயம் என்ற இரண்டும் அங்கே தெரிந்துவிடும். “இனவாதம்” என்ற ஒரே சொல்லால் அடிப்பதைவிட இந்தக் கேள்விகள் ஆழமாக இறங்கும், ஏனென்றால் கேட்பவர் தன் மரபுக்குள்ளிருந்தே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பத்து ராஜதர்மங்களையும் (தானம், சீலம், தியாகம், நேர்மை, மென்மை, தவம், கோபமின்மை, அகிம்சை, பொறுமை, மக்கள் விருப்புக்கு மாறாகச் செல்லாமை) எழுதிவைத்திருங்கள். ஆனால் அவை தலைவனின் குணத்தைப் பற்றியவை; ஒரு கொள்கையை அளக்க அவ்வளவாக உதவாது.

கூடதந்த சூத்திரத்தை வைத்து ஒரு பயிற்சி

கொள்கையை அளக்க தீக நிகாயம் 5 வேண்டும். மகாவிஜித மன்னனின் நாட்டில் கொள்ளை மலிந்திருக்கிறது. அவனோ பெருவேள்வி செய்ய நினைக்கிறான். புரோகிதர் தடுக்கிறார். இந்த நேரத்தில் வரி போடுவது தவறு. கொன்றும் சிறையிட்டும் நாடுகடத்தியும் கொள்ளையை ஒழிக்க முடியாது, தப்பியவர்கள் திரும்பவும் தொல்லை தருவார்கள் என்கிறார். பிறகு அவர் சொல்லும் வழி துல்லியமானது: பயிர்செய்வோருக்கும் மாடு வளர்ப்போருக்கும் விதையும் தீவனமும், வியாபாரிகளுக்கு முதல் (மூலதனம்), அரச சேவகர்களுக்கு உணவும் சம்பளமும்.

புறக்கோட்டை நடைபாதை வியாபாரிகளை அப்புறப்படுத்த ஒரு தீர்மானம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தாளில் நாலு வரி எழுதுங்கள். ஒன்று, தீர்மானத்தில் தண்டனை எவ்வளவு: அபராதமா, பொருள் பறிமுதலா, கைதா? இரண்டு, முதல் எவ்வளவு: மாற்று இடம் உண்டா, அங்கே சனம் வருமா, இடம் மாறும் நாட்களில் வருமானத்துக்கு வழி என்ன? மூன்று, அமுல்படுத்தும் ஊழியருக்குப் போதிய சம்பளம் இருக்கிறதா, இல்லாவிட்டால் லஞ்சம் வரும். நாலு, எது முதலில் நடக்கிறது?

நாலாவதுதான் பலரும் தவறவிடும் இடம். சக்கவத்தி சீஹநாத சூத்திரத்தில் (தீக நிகாயம் 26) ஒரு மன்னன் எல்லாவற்றையும் முறைப்படி செய்கிறான், ஏழைகளுக்குப் பொருள் கொடுப்பதைத் தவிர. வறுமை வருகிறது, களவு வருகிறது. பிடிபட்ட கள்வனுக்கு மன்னன் பணம் கொடுக்கிறான். களவெடுத்தால் பணம் கிடைக்கும் என்று மற்றவர்களும் களவெடுக்கிறார்கள். பிறகு தலையை வெட்டுகிறான். கள்வர்கள் ஆயுதம் ஏந்துகிறார்கள். பிந்தி வந்த நிவாரணமும் அதற்குப் பின் வந்த தண்டனையும் சேர்ந்து நிலைமையைக் கெடுத்தன. கொழும்பு மாநகர சபையோடு பேசினாலும் வரவுசெலவுத் திட்டத்தை வாசித்தாலும் இந்த ஒழுங்கைக் கவனியுங்கள்: முதல் முந்த வேண்டும், தண்டனை பிந்த வேண்டும்.

மதத் தலங்கள் பற்றிய தகராறு என்றால் தீக நிகாயம் 16இன் தொடக்கத்துக்குப் போங்கள். வஜ்ஜி மக்கள் வீழமாட்டார்கள் என்பதற்குப் புத்தர் காட்டும் ஏழு காரணங்களில் ஒன்று, அவர்கள் நகரத்துக்கு உள்ளும் வெளியிலும் உள்ள தங்கள் சேதியங்களை மதித்து, முன்பு கொடுத்த காணிக்கையை நிறுத்தாமல் இருப்பது. அவை யக்‌ஷர் வழிபாட்டிடங்கள் என்று உரைநூல் சொல்கிறது. புத்தர் அவற்றை இடிக்கச் சொல்லவில்லை, பேணியதைப் பாராட்டினார். ஆனால் அதே பட்டியலில் ‘பழைய சட்டத்தை மாற்றாதிருத்தல்’ என்றும் ஒன்று உண்டு. சீர்திருத்தத்தை எதிர்ப்பவர் அதைத் தூக்கிக் காட்டுவார். பதிலைத் தயாராக வைத்திருங்கள். அடிக்கடி கூடிப் பேசுவது, ஒற்றுமையாகக் கூடிக் கலைவது என்பவைதான் அந்தப் பட்டியலின் முதல் இரண்டு.

வாசிப்பு வட்டம்

தனியாக வாசித்தால் சொந்த விருப்பத்துக்கு வசதியான வரிதான் கண்ணில் படும். ஆறிலிருந்து எட்டுப் பேர் போதும். அதில் இரண்டு பேராவது சிங்களம் சரளமாக வாசிப்பவர்களாக இருக்கட்டும். புத்த ஜயந்தித் திரிபிடகப் பதிப்பில் ஒரு பக்கம் பாளி, எதிர்ப்பக்கம் சிங்கள மொழிபெயர்ப்பு. அதை ஒருவர் வாசிக்க, மற்றவர் ஆங்கில மொழிபெயர்ப்போடு ஒப்பிட, மூன்றாமவர் தமிழில் சொல்லட்டும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சூத்திரத்துக்கு மேல் எடுக்காதீர்கள். சூத்திர எண் இல்லாமல் வரும் எந்தப் ‘புத்தர் பொன்மொழி’யையும் மேசைக்கு எடுக்காதீர்கள். சமூக ஊடகத்தில் சுற்றுபவற்றில் பல அவர் சொல்லாதவை. ஒரு போலி மேற்கோள் பிடிபட்டால் உங்கள் உண்மையான பத்து மேற்கோள்களும் சேர்ந்து செத்துப்போகும்.

பன்சலைக்கு (பௌத்த விகாரைக்கு) போய்ப் பேசுதல்

பிக்குகளை ஒரே அணியாக எண்ணுவது பெரிய பிழை. 1958 ஏப்ரலில் ரோஸ்மீட் பிளேஸில் பிரதமரின் வீட்டு முன் உட்கார்ந்து பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தத்தைக் கிழிக்க வைத்தவர்களில் பிக்குகள் இருந்தார்கள். 2001இல் முதன்முதலாக நாடாளுமன்றத்துக்குத் தெரிவான பிக்குவோ லங்கா சமசமாஜக் கட்சியைச் சேர்ந்தவர். 2004இல் ஜாதிக ஹெல உறுமயவிலிருந்து ஒன்பது பிக்குகள் போனார்கள். போக முன்பு, யாரிடம் போகிறோம், அவர் எந்த நிக்காயா (பிக்குகளின் சங்கப் பிரிவு), முன்பு என்ன பேசியிருக்கிறார் என்று விசாரியுங்கள்.

தொலைபேசியில் நேரம் கேட்டுப் போங்கள். போயா தினம் வேண்டாம். சில் (ஒழுக்க விரதம்) எடுப்போர் நிறைந்திருப்பார்கள். முற்பகல் 11 மணியை அண்டியது தானத்துக்கான (பிக்குகளுக்கு உணவு வழங்கும்) நேரம், அதையும் தவிருங்கள். பின்னேரம் போனால் ரோல்ஸ், பட்டிஸ் கொண்டு போகாதீர்கள். நண்பகலுக்குப் பின் அவர்கள் திட உணவு எடுப்பதில்லை. வெற்றிலையோ, சவர்க்காரம், தேயிலை போன்றவையோ பொருத்தம். தோளும் முழங்காலும் மூடிய வெளிர் நிற உடை, வாசலில் செருப்பும் தொப்பியும் கழற்றுவது, வெள்ளைத் துணி விரித்த கதிரையில் உட்காராதிருப்பது, கை குலுக்காமல் கும்பிடுவது, கொடுப்பதை இரு கையாலும் கொடுப்பது. சிங்களத்தில் ‘ஹாமுதுருவனே’ என்று விளிக்கலாம். தமிழில் ‘தேரர் அவர்களே’ போதும்.

பேச்சில் ஒன்றை மட்டும் சொல்லவே கூடாது: “இது உண்மையான பௌத்தமல்ல.” அதைத் தீர்ப்பளிக்கும் இடத்தில் நாம் இல்லை, சொன்ன நிமிடமே உரையாடல் மூடிவிடும். “கூடதந்த சூத்திரத்தில் வியாபாரிக்கு முதல் கொடு என்று வருகிறதே, இந்த விஷயத்தில் அதை எப்படிப் பொருத்துவது?” என்று கேளுங்கள். மஜ்ஜிம நிகாயம் 58 சொல்லும் அளவும் இதுவே: உண்மையா, பயனுள்ளதா, சொல்ல ஏற்ற நேரமா.

கடிதம்

ஒரு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். முதல் பந்தியில் எந்த முடிவு, எந்தத் திகதி. இரண்டாவதில் யாருக்கு என்ன பாதிப்பு. மூன்றாவதில் ஒரே ஒரு சூத்திரம், எண்ணோடு; இரண்டு போட்டால் உபதேசமாகிவிடும். நாலாவதில் செய்யக்கூடிய ஒரே கோரிக்கை. கொழும்பில் உள்ள அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. ஆனால் பன்சலைக்கும் சிங்களப் பத்திரிகைக்கும் சிங்களப் பிரதி அனுப்புங்கள்; வட்டத்தில் சிங்களம் தெரிந்தவர் இருக்க வேண்டும் என்றது இதற்கும்தான். பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

முடிவின் காரணம் வெளியிடப்படவில்லை என்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அடிப்படை உரிமை மீறப்பட்டிருந்தால் கடிதத்துக்குப் பதில் வரும் என்று காத்திருக்கவே வேண்டாம். 126ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம்தான் இருக்கிறது. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்தால், அங்கு விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. முறைப்பாட்டின் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு, அதே கிழமையில் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.