கதையைப் பாதியில் நிறுத்திவிடுங்கள்

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் தொடக்கநிலை ஒன்று, இரண்டில் தமிழ் எடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு சின்ன யோசனை. வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு கதையைச் சத்தமாக, குரலை மாற்றி மாற்றி வாசியுங்கள். புலி குகைக்குள் எட்டிப் பார்க்கிற இடம் வந்ததும் டப்பென்று மூடி, புத்தகத்தை மேசைமேலேயே விட்டுவிட்டு வந்துவிடுங்கள். அடுத்த பாடவேளைக்குள் யாராவது ஒருவர் அதைப் புரட்டியிருப்பார்.

நம் பிள்ளைகளில் பலர் வீட்டில் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள், அதனால் எழுத்தைக் கூட்டிப் படிக்கும் முன்னால் அந்தச் சொற்கள் காதில் விழுந்து பழகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் 'குகை' என்று சரியாக வாசித்துவிட்டு அது என்னவென்று தெரியாமல் விழிப்பார்கள்.

படித்த கையோடு பயிற்சித்தாளை மட்டும் நீட்டாதீர்கள், பாவம்! (நானும் நீட்டியவள்தான்.)

அப்புறம், பொது நூலகத்தில் இரவல் வாங்கினால் 21 நாள் வைத்துக்கொள்ளலாம். எந்தப் புத்தகம் என்பதைப் பிள்ளையே எடுக்கட்டும், படம் மட்டும் நிறைய இருந்தாலும் சரி. எம்ஆர்டி ரயில் நிலையத்தில் தமிழில் இருக்கும் பெயர்ப்பலகையை வாசித்துவிட்டு வந்து சொன்னால், அதையும் வாசிப்பாகவே சேர்த்துக்கொள்ளுங்கள்.