கருத்துணர்தல் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளை ஒன்று, பத்தியை வாசித்துக் கேள்விகளுக்கு விடை எழுதும் கருத்துணர்தல் பயிற்சியை முடித்ததும், பெற்றோரும் பிரத்தியேக வகுப்பு ஆசிரியரும் எத்தனை விடை சரி என்றுதான் முதலில் பார்க்கிறோம். எழுத்தில் இடறும் பிள்ளைக்கும், சொல்லில் இடறும் பிள்ளைக்கும், நெடிய வாக்கியத்தில் இடறும் பிள்ளைக்கும் தாளில் விழும் பிழை ஒன்றுபோலவே தெரியும். ஆனால் கொடுக்க வேண்டிய பயிற்சி வேறு வேறு.

தொடக்கப்பள்ளியின் முதல் மூன்று ஆண்டுகளான படிநிலை 1இல் நடக்கும் பெரிய தவறு, சரளமான வாசிப்பையே புரிதல் என்று நம்பிவிடுவது. எழுத்துக்கூட்டக் கற்ற பிள்ளை, பொருள் தெரியாத பத்தியையும் தடையின்றி வாசித்துவிடும். எழுத்தை ஒலியாக்கும் திறன், மொழியறிவு ஆகிய இரண்டின் பெருக்குத்தொகையே வாசிப்புப் புரிதல் என்று 1986இல் காஃப், டன்மர் என்னும் இரு ஆய்வாளர்கள் விளக்கினர். பெருக்கல் என்பதால், ஒன்று சுழியமானால் மற்றது எவ்வளவு இருந்தும் பயனில்லை. வீட்டில் ஆங்கிலமோ மலாயோ மிகுதியாகப் பேசும் பிள்ளைகளிடம் குறைவது பெரும்பாலும் மொழியறிவுதான். 'வராங்க' என்று கேட்டுப் பழகிய காதுக்கு 'வருகின்றனர்' புதிய சொல். ஆகவே அதே பத்தியை நாம் வாசித்துக் காட்டிப் பார்க்க வேண்டும். கேட்டால் புரிகிறது, வாசித்தால் புரியவில்லை என்றால் எழுத்துப் பயிற்சி தேவை. கேட்டும் புரியவில்லை என்றால், இன்னும் பத்துத் தாள் கொடுப்பதைவிடக் கதை சொல்லிப் பேச வைப்பதே பயன் தரும்.

நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரையுள்ள படிநிலை 2இல் சிக்கல் வாக்கியத்திற்கு நகர்கிறது. 'பினாங்கிலிருந்து வந்த மாமா வாங்கிக் கொடுத்த பேனாவைத் தொலைத்த தம்பியைக் கவிதா தேடினாள்' என்ற வாக்கியத்தில், தொலைத்தவர் யார் என்று கேட்டால் 'கவிதா' என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. தமிழில் பெயரெச்சங்கள் முன்னே அடுக்கி வர, வினைமுற்று கடைசியில் நிற்பதால், அதுவரை எல்லாவற்றையும் மனத்தில் தாங்க வேண்டியிருக்கிறது. கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடி, அந்த வரியை அப்படியே எடுத்தெழுதும் உத்தி இதற்கு உதவாது. ஆறாம் ஆண்டு இறுதியில் எழுதிவந்த யூபிஎஸ்ஆர் அரசுத் தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பின்னும் இவ்வுத்தியைக் கற்பிப்பது எனக்கு வருத்தம் தருகிறது. அந்த வாக்கியத்தை நான்கு சிறு வாக்கியங்களாகப் பிரிக்கச் செய்து, பிறகு பிள்ளையையே மீண்டும் இணைக்கச் சொல்லலாம். நேரம் பிடிக்கும், ஒரு வாரம் இதற்கே செலவானாலும் தகும்.

பிள்ளை எந்த ஆண்டில் படிக்கிறது என்பதைப் பார்த்து மட்டுமே பத்தியைத் தேர்ந்தெடுப்பதும் தவறே. பத்துமலையின் 272 படிகளை ஏறிய பிள்ளைக்குத் தைப்பூசப் பத்தி எளிது. வயலையே காணாத அதே பிள்ளைக்கு நாற்று நடவு பற்றிய பத்தி கடினம். 1988இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், பேஸ்பால் நன்கறிந்த, வாசிப்பில் பின்தங்கிய மாணவர்கள், அவ்விளையாட்டை அறியாத நல்ல வாசகர்களைவிட அதைப் பற்றிய பகுதியை நன்றாகப் புரிந்துகொண்டனர். பத்தியைக் கொடுக்குமுன் அதன் பொருளைப் பற்றி ஐந்து நிமிடம் பேசிவிடுவது நல்லது.

இடைநிலைப்பள்ளி மாணவர்க்கு, வெளிப்படையாகச் சொல்லப்படாததை ஊகிக்கும் கேள்விகளே கடினம். அங்கே மாதிரி விடையை மனனம் செய்ய வைக்கிறோம். 'அவள் பதில் சொல்லாமல் கதவைச் சாத்தினாள்' என்பதற்கு ஒருவர் கோபம் என்றும், மற்றவர் துயரம் என்றும் எழுதலாம். எந்த வரி உனக்கு அப்படித் தோன்றச் செய்தது என்று இருவரையும் கேட்க வேண்டும். வரியைச் சுட்டிக் காரணம் சொன்னால், விடைப்பட்டியலில் இல்லாத பதிலுக்கும் மதிப்பெண் தரலாம்.