எந்தப் படத்தை யாருக்குப் போடலாம்?

தியேட்டருக்குப் போவதென்றால் முதலில் சென்சார் சான்றிதழைப் பாருங்கள். 2024 நவம்பரிலிருந்து யு/ஏ மூன்றாகப் பிரிந்திருக்கிறது: 7+, 13+, 16+. அதற்குக் குறைந்த வயதுப் பிள்ளையை அழைத்துப் போவதா வேண்டாமா என்பது பெற்றோர் முடிவு. ‘ஏ’ அப்படியல்ல. அப்பா அம்மா கூடவே வந்தாலும் 18 வயது ஆகாத பிள்ளையை உள்ளே விடக் கூடாது. எண் இல்லாத வெறும் யு/ஏ என்றால் பழைய சான்றிதழ். அதில் எல்லை 12 வயது.

எல்லா வயதினரும் பார்க்கலாம் என்கிற ‘யு’ என்றதும் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டில் சில ஆண்டுகள் கேளிக்கை வரிவிலக்குக்கு ‘யு’ சான்றிதழ் ஒரு நிபந்தனையாக இருந்தது. அதற்காக ரத்தம் தெரியும் இடத்தை வெட்டலாம், வசனத்தை மியூட் செய்யலாம். ஆனால் பழிவாங்கும் கதை அப்படியேதான் இருக்கும்.

ஓடிடி வேறு கணக்கு. மத்திய அரசின் 2021 விதிகளின்படி அங்கே வயதுப் பிரிவை அந்தந்தத் தளமே போடுகிறது. தியேட்டரில் வெட்டிய காட்சி அங்கே இருக்கவும் வாய்ப்புண்டு. எண்ணைவிட, பக்கத்தில் சின்ன எழுத்தில் வரும் காரணத்தைப் படியுங்கள். கெட்ட வார்த்தைக்காக 13+ வாங்கிய படமும் தற்கொலைக் காட்சிக்காக 13+ வாங்கிய படமும் ஒன்றல்ல.

சந்தேகம் தீராவிட்டால் நீங்கள் முதலில் பாருங்கள். முழுப் படமும் பார்க்க நேரமில்லையா? முதல் 10 நிமிடம், இடைவேளைக்கு முந்தைய 15 நிமிடம், பிளாஷ்பேக், கடைசி அரை மணி நேரம் போதும். நம் கமர்ஷியல் படங்களில் கொலையும் குடும்பம் அழியும் காட்சியும் பெரும்பாலும் இங்கேதான் வரும். சத்தத்தோடு பாருங்கள், ஓட்டிவிட்டுப் பார்த்தால் படம்தான் தெரியும், சின்னப் பிள்ளைகளை நடுங்க வைக்கும் பின்னணி இசை தெரியாது. அம்மா இறப்பது போன்ற காட்சி, ஒரு துளி ரத்தம் இல்லாவிட்டாலும், ஐந்து வயதுப் பிள்ளையின் தூக்கத்தைக் கெடுக்கும்.

நிறத்தையும் உடம்பையும் கேலி செய்யும் காமெடி, விருப்பமில்லாத பெண்ணைத் துரத்துவதைக் காதல் என்று காட்டுவது இவற்றுக்கெல்லாம் பொதுவாக எந்த எச்சரிக்கையும் போடுவதில்லை. பிள்ளைகள் மறுநாளே பள்ளியில் திருப்பிச் சொல்வது இதைத்தான். எங்களைக் கேட்டால், ஒரு சண்டைக் காட்சியைவிட இதற்குத்தான் அதிகம் யோசிக்க வேண்டும்.

ஓடிடியில் லாக் போடுவதில் பலரும் தவறுவது ஒரே இடத்தில். பிள்ளைக்குத் தனி ப்ரொஃபைல் திறந்துவிட்டு, பெரியவர்களுடையதைத் திறந்தே வைத்திருப்பார்கள். பின் நம்பர் போட வேண்டியது பெரியவர்கள் ப்ரொஃபைலுக்கு. யூடியூபில் ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். கார்ட்டூனில் தொடங்கி எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

பெரியவர்களுக்கும் இதே கவனம் தேவை. வீட்டில் சமீபத்தில் சாவு நடந்திருந்தால், கருக்கலைந்த துயரத்தில் ஒருவர் இருந்தால், கதை என்னவென்று முன்பே சொல்லி, பார்க்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வலிப்பு உள்ளவர்களுக்கு விட்டுவிட்டு மின்னும் வெளிச்சம் ஆபத்தாகலாம்.

பிள்ளை பாதியில் பயந்தால் உடனே நிறுத்துங்கள். “சினிமாதானே, பயப்படாதே” என்று அடக்காமல், எது பயமாக இருந்தது என்று கேளுங்கள். தியேட்டரில் இதற்காகவே வரிசையின் ஓரத்து சீட்டை எடுப்பது நல்லது. யார் காலையும் மிதிக்காமல் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடலாம்.