விளையைத் துடைத்து வைக்காதீர்கள்

தென்னையும் வாழையும் மரச்சீனியும் (மரவள்ளி) நிற்கும் நிலத்தைக் குமரி மாவட்டத்தில் விளை என்போம். அதில் ஒரு புல் முளைக்காதபடி கொத்திப் போட்டிருந்தால்தான் உடைமையாளரைக் கெட்டிக்காரர் என்று ஊர் மெச்சும். நம் மண்ணில் கரிமம் (கார்பன்) வற்றிப்போனதற்கு அந்த மெச்சுதலும் ஒரு காரணம் என்று உறுதியாகச் சொல்வேன்.

கரிமம் என்றால் சாணமும் சருகும் மட்டுமே என்று நினைப்பதில் தவறு தொடங்குகிறது. இலை காற்றிலிருந்து எடுத்த கரிமத்தைச் சர்க்கரையாக்குகிறது. அதில் ஒரு பங்கு வேருக்கு இறங்கி, சர்க்கரையாகவும் கரிம அமிலங்களாகவும் அமினோ அமிலங்களாகவும் மண்ணுக்குள் கசிகிறது. அதை உண்ணப் பாக்டீரியாவும் பூஞ்சையும் வேரைச் சுற்றித் திரள்கின்றன. வேரை ஒட்டிய இந்த மண்ணுக்கு 1904-இல் ரைசோஸ்பியர் என்று பெயரிட்டவர் ஜெர்மானியரான லோரன்ஸ் ஹில்ட்னர். அந்த நுண்ணுயிர்கள் மடிந்தபின் அவற்றின் எச்சம் களித்துகளிலும், நம் செம்மண்ணில் உள்ள இரும்பு ஆக்சைடுகளிலும் ஒட்டிக்கொள்கிறது. அப்படி ஒட்டிய கரிமம் எளிதில் சிதைவதில்லை.

மழை விட்ட மறுநாள் ஒரு தட்டைப்பயறுச் செடியைத் தோண்டி எடுத்து மெல்ல உதறிப் பாருங்கள். சல்லிவேரில் தங்கும் மண் புட்டுக்கு நனைத்த மாவு போல உதிரியாக இருக்கும். வெறுந்தரையிலிருந்தும் ஒரு கட்டி எடுங்கள். இரண்டையும் காயவைத்துத் தனித்தனிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போடுங்கள். வெறுந்தரைக் கட்டி சீக்கிரமே கரைந்து தண்ணீரைக் கலக்கிவிடும். வேர் பிடித்திருந்த மண் உருக்குலையாமல் கிடக்கும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் அடிக்கும் மாவட்டத்தில் எந்த மண் விளையில் தங்கும், எது ஓடையில் போகும் என்பது அந்த டம்ளரிலேயே தெரிந்துவிடும்.

ஆகவே மரச்சீனி பிடுங்கிய குழிகளை மூடியதும், ஈரம் இருக்கும்போதே பயறோ சணப்போ விதைத்துவிடுங்கள். களையை வேரோடு பறிக்காமல் அரிவாளால் அறுத்து, தென்னை மூட்டில், அதாவது மரத்தடியில், போடுங்கள். மூட்டைச் சுற்றி ஆழமாகக் கொத்தவும் கூடாது. தென்னையின் பெரும்பாலான வேர்கள் மூட்டிலிருந்து இரண்டு மீட்டர் தூரத்துக்குள்தான் இருக்கின்றன. மண்வெட்டி விழும்போது வேருடன் பூஞ்சை இழைகளும் அறுகின்றன.

மண் பரிசோதனை செய்யாமல் சூப்பர் பாஸ்பேட்டை அள்ளிக் கொட்டுவதும் தவறுதான். அதிலுள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) தாராளமாகக் கிடைத்தால், அதைத் தேடிக் கொண்டுவரும் வேர்ப்பூஞ்சைக்குச் செடி சர்க்கரை கொடுப்பதைக் குறைத்துக்கொள்கிறது.

இதே கணக்கை நெல்வயலில் அப்படியே போட முடியாது. நீர் தேங்கிய சேற்றில் காற்று இல்லை. வேர் கசியவிடும் கரிமத்தில் ஒரு பகுதி அங்கே மீத்தேனாக வெளியேறுகிறது. குமரியின் இரு நெல் பருவங்களான கன்னிப்பூவோ கும்பப்பூவோ, தண்ணீர் நம் கையில் இருக்கும் நாட்களில் காய்ச்சலும் பாய்ச்சலுமாக, வயலை இடையிடையே காயவிட்டுத் தண்ணீர் கட்டுவது இந்த மீத்தேனைக் குறைக்கும்.

சேர்ந்த கரிமம் இனி எங்கும் போகாது என்று நம்பிவிடவும் கூடாது. ஒரு கோடையில் ஆழ உழுது வெயிலில் காயப்போட்டாலே, பல ஆண்டுகளாகச் சேர்ந்ததில் ஒரு பகுதி மறுபடி காற்றில் கலந்துவிடும். எங்கள் விளையில் மூன்று வருடமாகக் கொத்து இல்லை, அறுப்பு மட்டுமே. அண்டை வீட்டார் இன்னமும் காடு என்கிறார்கள். ஐப்பசி மழையில் எங்கள் வரப்பைத் தாண்டும் தண்ணீரில் பழைய செம்மண் நிறம் இல்லை.