கேரவனுக்கு ஜோடி டயர் வண்டி பார்க்கிறீர்களா? உள் டயரில் இருந்து ஆரம்பியுங்கள்

போன மாம்பழ சீசனில் காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் டீ குடிக்க என் கேரவனை, அதாவது வீடு மாதிரி தங்கிப் போகும் வண்டியை, ஓரம் கட்டினேன். அதற்குப் பின்னால் ஒரு பக்கத்துக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று ஜோடி டயர். பக்கத்திலேயே ஒரு பஞ்சர் கடை. கடைக்காரப் பெரியவருக்குச் சும்மா இருக்க முடியவில்லை போல. ஒரு இரும்பு ராடை எடுத்து வந்து பின் சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தட்டினார். வெளி டயர் 'டங்' என்றது. உள் டயர் 'தொப்' என்றது.

"உள்ள காத்தே இல்ல தம்பி. வெளி டயரு ஒண்டியாத் தாங்கிக்கிட்டு வந்திருக்குது. எங்கிருந்து வரீங்க?"

"ஓசூருங்கய்யா."

"கைய வச்சுப் பாருங்க."

வெளி டயரின் பக்கவாட்டில் இரண்டு விநாடிக்கு மேல் கை வைக்க முடியவில்லை. வண்டியை வாங்கி அப்போது மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. வாங்கும்போது ஃபிரிட்ஜ் ஓடுகிறதா, கட்டில் விரிகிறதா, தண்ணீர் மோட்டார் எடுக்கிறதா என்று எல்லாம் பார்த்தேன். உள் டயரைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. நான் பார்த்திருக்க வேண்டிய வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படி 1: ஜோடி டயர் தேவைதானா என்று எடை போட்டுப் பாருங்கள்

பின்னால் நாலு டயர் இருந்தால் வண்டி கம்பீரமாகத் தெரியும், உண்மைதான். ஆனால் அது சுமைக்காக வந்த ஏற்பாடு. எனவே உங்கள் வீட்டின் எடையை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். 150 லிட்டர் தண்ணீர் 150 கிலோ. வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் பெரிய ட்யூபுலர் பேட்டரி ஒன்று 50 கிலோவைத் தாண்டும். நிறைந்த சமையல் சிலிண்டர் கிட்டத்தட்ட 30. எட்டுக்கு நாலு அடி, 12 மில்லிமீட்டர் பிளைவுட் ஒரு ஷீட் 20 கிலோவுக்கு மேல். அலமாரி, கட்டில், தரை என்று பத்து ஷீட் சாதாரணமாகப் போய்விடும். நாலு பேர், அவர்கள் துணிமணி, பாத்திரம். எனக்குத் தெரிந்த ஒருவர் இட்லி மாவுக்கு என்று டேபிள் டாப் கிரைண்டரையும் ஏற்றினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், இட்லி நன்றாகவே இருந்தது.

இரண்டு பேர் வாரக் கடைசியில் ஒகேனக்கல் வரை போய் வர, மடக்குக் கட்டிலும் ஒரு அடுப்பும் போதும் என்றால் ஒற்றை டயர் வேனே போதும். டயர் செலவும் குறைவு. ஜோடி டயர் என்றால் ஸ்டெப்னியோடு ஏழு டயர் வாங்க வேண்டும், அதை மறக்காதீர்கள்.

பழைய வண்டி பார்க்கிறீர்கள் என்றால் கணக்கே வேண்டாம், நேராக எடை மேடைக்கு ஓட்டிப் போங்கள். கிரானைட் லாரிகளும் மாங்கூழ் ஆலைகளுக்குப் போகும் வண்டிகளும் ஓடும் நம் ஊரில் எடை மேடைக்குப் பஞ்சம் இல்லை. முழு வண்டியை ஒருமுறை, முன் சக்கரங்களைக் கீழே இறக்கி விட்டுப் பின் அச்சை மட்டும் ஒருமுறை எடை போடுங்கள். இரண்டாவது சீட்டுதான் முக்கியம். அந்த எண், வண்டியில் அடித்திருக்கும் கம்பெனித் தகட்டில் பின் அச்சுக்குக் கொடுத்திருக்கும் வரம்புக்குள் இருக்க வேண்டும். டயர் எத்தனை போட்டாலும் அச்சின் வரம்பு அதிகமாகாது.

படி 2: டயரில் உள்ள இரண்டு எண்களைப் படியுங்கள்

டயர் பக்கவாட்டில் அளவுக்குப் பக்கத்தில் 107/105 போல ஒரு ஜோடி எண் இருக்கும். முதல் எண் ஒற்றையாக ஓடும்போது தாங்கும் சுமைக்கான குறியீடு, இரண்டாவது ஜோடியாக ஓடும்போது. 107 என்றால் 975 கிலோ, 105 என்றால் 925 கிலோ. ஐரோப்பாவில் ஃபோர்டு டிரான்சிட்டின் இரட்டைச் சக்கர சேஸியில் கட்டும் கேரவன்களில் 195/75 ஆர்16 என்ற அளவில் இந்த எண்ணைப் பார்க்கலாம். ஜோடியில் ஏன் குறைத்துச் சொல்கிறார்கள்? இரண்டு டயரும் எப்போதும் சரிபாதியாகச் சுமை வாங்குவதில்லை. நடுவில் இருக்கும் சூடும் சீக்கிரம் வெளியேறாது.

இப்போது என் கதைக்கு வாருங்கள். பின் அச்சில் 2,600 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் 1,300. இரண்டு டயரும் பங்கு போட்டால் ஆளுக்கு 650, நிம்மதியான சுமை. உள் டயரில் காற்று போய்விட்டால் வெளி டயர் 1,300-ஐயும் சுமக்கும். ஒற்றையாக அதன் வரம்பே 975. காற்று போன டயர் பக்கத்து டயரோடு உரசி இன்னும் சூடாகும். டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு எதுவும் தெரியாது, ஏனென்றால் வண்டி சாயவே சாயாது. ஒற்றை டயர் என்றால் உடனே காட்டிக் கொடுத்திருக்கும்.

படி 3: கையை உள்ளே விடுங்கள்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். பழைய சட்டை போட்டுக்கொண்டு போங்கள், ஒரு டார்ச்சும் காற்று அளக்கும் கேஜும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வெளி ரிம்மின் ஓட்டை வழியாக உள் டயரின் வால்வு தெரிகிறதா? கேஜை அதில் பொருத்த முடிகிறதா? இரண்டு ரிம்மின் ஓட்டைகளும் நேராக இல்லாமல் மாட்டியிருந்தால் கை போகாது. சிலர் வால்வுக்கு நீட்டிப்புக் குழாய் போட்டிருப்பார்கள். வசதிதான், ஆனால் அது ஆடினால் அந்த வழியாகவே காற்று கசியும். என் வண்டியில் நடந்தது அதுதான். எச்சில் தொட்டு வைத்ததும் குமிழி விட்டது. வால்வுக்குக் கை எட்டாத வண்டியை, மற்றது எவ்வளவு அழகாக இருந்தாலும், சரி செய்து தரச் சொல்லுங்கள். இல்லையென்றால் வேறு வண்டி பாருங்கள்.

அடுத்து தேதி. டயரில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. கேரவன் ஓடுவதைவிட நிற்பது அதிகம் என்பதால் டயரின் மேல் பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் கட்டங்கள்) தேயும் முன்பே ரப்பருக்கு வயதாகிவிடும். ஆறு ஏழு வருடம் தாண்டிய டயரை நான் நம்புவதில்லை. தேதி எழுத்து உள்பக்கம் திரும்பியிருக்கலாம், வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். விற்பவர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

பிறகு ஜோடிப் பொருத்தம். ஒரே அளவு, முடிந்தால் ஒரே கம்பெனி, ஒரே மாதிரி தேய்மானம். இரண்டு டயரின் விட்டத்தில் உள்ள வித்தியாசம் ஆறு மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பெரிய டயர் சுமையைத் தன் தலையில் போட்டுக்கொள்ளும், சின்னது தரையில் தேய்ந்துகொண்டே வரும். ஒரு பக்கம் புதுசு ஒன்றும் பழசு ஒன்றும் மாட்டியிருந்தால் விலை பேசும்போது இரண்டு டயரின் காசைக் கழியுங்கள்.

கடைசியாக, இரண்டு டயருக்கும் நடுவில் டார்ச் அடியுங்கள். நம் பக்கத்தில் குவாரி ரோடுகளில் போய் வந்த வண்டி என்றால் அங்கே ஜல்லி மாட்டியிருக்க நிறைய வாய்ப்பு. பக்கவாட்டை அறுத்துக்கொண்டே இருக்கும். ஓட்டத்தில் தெறித்தால் பின்னால் வருபவரின் கண்ணாடி போச்சு.

படி 4: வீட்டுக்குள் ஏறிப் பாருங்கள்

ஜோடி டயருக்கு மேலே உள்ள பெட்டி போன்ற மேடு அகலமாக உள்ளே வரும். ஒற்றை டயர் வேனில் கிடைக்கும் நடைபாதை இதில் கிடைக்காது. அந்த மேட்டின் மேல் கட்டிலோ பேட்டரிப் பெட்டியோ அமைத்திருந்தால் புத்திசாலித்தனம். அதற்குப் பக்கத்தில் பாத்ரூம் வைத்திருந்தால் ஒருமுறை உள்ளே நின்று கதவைச் சாத்திப் பாருங்கள்.

வெளியே வந்து, பின் அச்சுக்குப் பின்னால் உடம்பு எவ்வளவு நீண்டிருக்கிறது என்று டேப் வைத்து அளக்கவும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில் உள்ள தூரத்தில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. தண்ணீர்த் தொட்டியை வாலில் தொங்கவிட்டிருந்தால் தன் எடையைவிட அதிகச் சுமையை அது பின் அச்சில் ஏற்றும்.

படி 5: ஓட்டிப் பாருங்கள்

நெடுஞ்சாலையில் பத்து கிலோமீட்டர் ஓட்டினால் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். பென்னாகரத்தில் இருந்து ஒகேனக்கல் இறங்கும் வளைவுகளிலோ, தர்மபுரியில் இருந்து சேலம் போகும் வழியில் தொப்பூர் இறக்கத்திலோ சின்ன கியரில் இறக்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம்மின் சூடு முதலில் ஏறுவது உள் டயரின் ரிம்முக்குத்தான். கீழே வந்ததும் பாதுகாப்பாக ஒதுங்கி, பக்கத்தில் கை கொண்டு போய் இடது வலது சூட்டை ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் பிரேக்கோ பேரிங்கோ மெக்கானிக் பார்க்க வேண்டும்.

அஞ்செட்டி பக்கம் மாதிரி குறுகிய ரோட்டில் ஒதுங்கும்போது பின் சக்கரம் எங்கே போகிறது என்று கண்ணாடியில் பாருங்கள். மழை பெய்த ஏரிக்கரை மண்ணில் நாலு டயர் இருக்கிறதே என்று இறக்காதீர்கள், நடுவில் களிமண் அடைத்துக்கொள்ளும்.

படி 6: காகிதம்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சரக்கு வண்டியையோ ஆள் ஏற்றும் வேனையோ கேரவனாக மாற்றியிருந்தால் அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு அதைத்தான் கேட்கிறது. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் இலகுரக வாகன லைசென்ஸ் போதும். ஆர்.சி.யில் எந்த வகை வண்டி என்று போட்டிருக்கிறதோ, இன்சூரன்ஸும் எஃப்.சி.யும் அதற்கு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

வண்டி வாங்கிய பிறகு முதல் வேலை, டயரைக் கழற்றி மாட்டியிருந்தால் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் எல்லா வீல் நட்டையும் மறுபடி டைட் வைப்பது. உள் டயரும் வெளி டயரும் ஒரே போல்ட்டில் தொங்குகின்றன. காவேரிப்பட்டணத்துப் பெரியவர் எனக்கு ஒரு அரை மீட்டர் ராடு கொடுத்தார், காசு வாங்கவில்லை. இப்போது அது டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. காலையில் கிளம்பும் முன் நாலு தட்டு, நாலும் 'டங்' என்றால் சாவியைப் போடுகிறேன்.